படகுத் தளத்துக்கு ஒரு கலிங்கல்

வில்லியம் ஃபால்கனர் என்ற மாலுமி 1769-ல் லண்டனில் வெளியிட்ட கடல் அகராதியில் தோலுக்கு ஒரு வேலை சொல்லப்பட்டிருக்கிறது. போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் தேங்கும் நீர் வெளியேறுவதற்குப் பக்கவாட்டில் துவாரங்கள் இருக்கும். அந்தத் துவாரத்தின் வெளிவாயில் தோலால் ஆன ஒரு குழாயைப் பொருத்திக் கீழ்நோக்கித் தொங்கவிடுவார்கள். உள்ளேயிருந்து நீர் வந்தால் தோல் குழாய் உப்பி வழிவிடும். காற்றில் கப்பல் சாய்ந்து துவாரம் கடலில் அமிழ்ந்தால், வெளியிலிருந்து அழுத்தும் நீரே குழாயைச் சப்பையாக்கி வழியை அடைத்துவிடும். கீல் கிடையாது, சுருள்வில் கிடையாது, யாரும் போய்த் திறக்கவோ மூடவோ வேண்டியதில்லை.

தோல் பதனிடும் எங்கள் மேல்விஷாரத்திலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஊரை ஒட்டிக் கிடக்கும் பாலாறு, நீர் வருகிற ஆண்டுகளில், கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் போய்க் கடலைத் தொடும். ஆனால் இந்த வட்டாரம் பதனிட்டுத் தரும் பொருளுக்கும் கடலுக்கும் இருந்த உறவு பழையது. 1840-களில் வல்கனைஸ் செய்த ரப்பர் சந்தைக்கு வரும் வரை, நீரையோ காற்றையோ தடுக்க வேண்டிய பல இடங்களில் தோல்தான் இருந்தது: கப்பல் பம்பின் வால்வில், துருத்தியில், குழாய் இணைப்பில். நம் ஊர்த் தெருக்களில் நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்புக்குள்ளும் முதலில் இருந்தது தோல் வாஷர்தான். 1980-களில் கோயம்புத்தூர் பகுதியில் நடந்த களச்சோதனைகளுக்குப் பிறகே நைட்ரைல் ரப்பர் அந்த இடத்துக்கு வந்தது.

அந்தத் தோல் குழாயின் வேலையை இன்று ஒரு சிறு மீன்பிடிப் படகில் எந்தப் பொருள் செய்ய வேண்டும், எந்த அளவில், எந்த இடத்தில் என்பதே இங்கே விஷயம். ஒரு வள்ளம் கட்டும்போது இன்ஜினுக்கும் வலைக்கும் பல நாள் யோசிக்கிறோம். தளத்தின் நீர் வெளியேறும் வழியை மட்டும் கடைசி நாளில் ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை வாங்கி முடித்துவிடுகிறோம். கடலுக்குப் போகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. கடைக்குப் போவதற்கு முன்பே இதில் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது என்பதைப் படகு வைத்திருப்பவர்களும் கட்டுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கட்டுமரத்தில் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருப்பதால் மேலே விழுந்த அலை, கட்டைகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் அந்த நொடியே இறங்கிவிடும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. கரையிலிருந்தே தள்ளி, உடைகிற அலைகளைக் கடந்துதான் கடலுக்குள் போக வேண்டும். நீரைப் பிடித்து வைக்காத கலம் இங்கே நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதே கரையில் ஓடிய மசூலாப் படகு வேறு வகை. பலகைகளைக் கயிற்றால் தைத்து, உயர்ந்த பக்கச்சுவரோடு கட்டப்பட்டது. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது அதுதான். அதில் நீர் இறைப்பதற்கென்றே ஆள் இருந்தார். சுவர் வைத்த அன்றே இறைக்கிற வேலையும் வந்துவிட்டது.

1952-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்துக்குப் பிறகு தளம் போட்ட இயந்திரப் படகுகள் பெருகின. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை உடையும் கரையில் இறக்கி ஏற்றத்தக்க கண்ணாடியிழைப் படகுகளை வடிவமைப்பதில் பல ஆண்டுகள் செலவிட்டது. அந்தப் பணியில் இருந்த நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் குல்பிரான்ட்சன், பஜோ என்பவருடன் சேர்ந்து 1993-ல் சிறு படகுகளுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றையும் எழுதினார். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் தமிழகக் கரையெங்கும் நிறைந்தன. வலை நழுவாமலும் ஆள் விழாமலும் இருக்க அவற்றுக்குப் பக்கச்சுவர் உண்டு. அந்தச் சுவர்தான் நீரையும் உள்ளே நிறுத்துகிறது.

எவ்வளவு நீர் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தளத்தில் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலை ஏறி 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது. கணுக்காலைத் தொடும் நீர்தான். பார்ப்பதற்குப் பயமாகவே இருக்காது. ஆனால் அது 450 லிட்டர். கடல்நீரின் அடர்த்திக்கு 460 கிலோ. ஏழு பேர் திடீரென்று படகில் ஏறி நிற்பது போல.

ஏழு பேர் ஏறினால் அவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். நீர் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அத்தனையும் இடப்பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். இதைத் தட்டற்ற நீர்ப்பரப்பின் விளைவு என்று கப்பல் பொறியியலில் கணக்கிடுவார்கள். இந்த விளைவு நீரின் ஆழத்தைவிட அகலத்தையே அதிகம் பொறுத்தது. அதுவும் அகலத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. நீர் பரவும் அகலம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டு மடங்கு. மேலே சொன்ன தளத்தில், படகும் நீரும் சேர்ந்து 2 டன் எடை என்றால், சிறிய சாய்வுகளின்போது படகின் ஈர்ப்பு மையம் சுமார் 43 சென்டிமீட்டர் மேலே ஏறியதற்குச் சமமான இழப்பு வருகிறது. ஒரு சிறு படகு நிமிர்ந்து நிற்க வைத்திருக்கும் சேமிப்பின் பெரும்பகுதியை இது தின்றுவிடக்கூடியது. இன்னொரு அலை வந்தால் அது படகின் மீது விழுவதற்கு முன்பே படகு பாதி தோற்றிருக்கும்.

இதே கணக்கு ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. தளத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு பலகைத் தடுப்பு வைத்தால் விளைவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீனைப் பிரித்துப் போட வைக்கும் பலகைகளுக்கு இப்படி ஒரு இரண்டாம் பயன் இருக்கிறது. அடியில் நீர் ஓட இடைவெளி விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நீர் சிறிது நேரமாவது தடைபட்டு மெல்ல நகர்ந்தால் போதும், படகு நிமிர அவகாசம் கிடைக்கும்.

சரி, துவாரத்துக்கு வருவோம். நீர் தானாக வெளியேற வேண்டுமானால் தளம் வெளிக்கடலின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. ஆனால் எந்த நேரத்து மட்டம்? காலிப் படகு துறையில் மிதக்கும்போது தளம் 10 சென்டிமீட்டர் மேலே இருப்பதைப் பார்த்துவிட்டுத் துவாரம் போடுகிறார்கள். 8 மீட்டர் நீளமும் 1.6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வள்ளத்தின் நீர்மட்டப் பரப்பு ஏறக்குறைய 9 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ 92 கிலோ போதும். ஐஸ், வலை, மீன், ஆட்கள் என்று 500 கிலோ ஏறினால் ஐந்தரை சென்டிமீட்டர் போய்விட்டது. தளத்தில் நின்ற 460 கிலோ நீர் இன்னொரு 5 சென்டிமீட்டர் இறக்குகிறது. 10 சென்டிமீட்டர் கணக்கு தீர்ந்தது. நமக்கு நீரை வெளியேற்றும் வழி மிகவும் தேவைப்படுகிற அந்த நிமிடத்தில் துவாரத்தின் வாய் கடலுக்குள் இருக்கிறது.

இதோடு படகு சமமாகவும் அமிழ்வதில்லை. இன்ஜினும் எரிபொருளும் பின்னால். வலையைப் பின்பக்கம் இழுத்தால் ஆட்களும் பின்னால். அணியம் தூக்கி, பின்மூலைகள் தாழும். அதனால் என் முதல் யோசனை, படகைத் துறையில் மிதக்கவிட்டு, மணல் மூட்டைகளோ நீர் நிரப்பிய டிரம்களோ வைத்து முழுச் சுமையை ஏற்றுங்கள். எல்லா ஆட்களும் வலை இழுக்கும் இடத்தில் நிற்கட்டும். வெளியே நீர் எங்கே தொடுகிறது என்று நான்கு மூலையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். உள்ளே தளம் எங்கே இருக்கிறது என்று அளந்து அந்தக் கோட்டோடு ஒப்பிடுங்கள். தளம் கோட்டுக்குக் கீழே இருந்தால் உலகத்தின் எந்த நல்ல வால்வும் உதவாது. தளத்தை உயர்த்த வேண்டும், சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது அது திறந்த படகு என்று ஒப்புக்கொண்டு நல்ல பம்பும் வாளியும் வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தால் மட்டும் கடைக்குப் போகலாம்.

கடையில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஓரங்குல வடிகால். துவாரத்தின் வழியாக நீர் ஓடும் வேகம் நீர்மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி கண்ட விதி. 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர். துவாரத்தின் விளிம்பில் நீரோட்டம் ஒடுங்குவதால் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதமே பயன்படும். இந்தக் கணக்கில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரம் விநாடிக்கு 0.4 லிட்டரைத்தான் விடும். நீர் குறையக் குறைய வேகமும் குறைவதால், அப்படிப்பட்ட இரண்டு துவாரங்கள் 450 லிட்டரை வெளியேற்ற 18 நிமிடம் பிடிக்கும். 38 மில்லிமீட்டரில் இரண்டு வைத்தால் 8 நிமிடம். 50 மில்லிமீட்டரில் நாலரை நிமிடம். 75 மில்லிமீட்டரில் 2 நிமிடம். விட்டம் இரட்டித்தால் நேரம் நான்கில் ஒன்றாகிறது என்பதால், சிறு துவாரங்களை எண்ணிக்கையில் கூட்டுவதைவிடப் பெரிய துவாரம் ஒன்றுக்குச் செலவழிப்பது எப்போதும் லாபம். வளைந்து நெளிந்த குழாய் போட்டு நீரைத் தூரமாகக் கொண்டுபோனால் இந்த எண்கள் இன்னும் மோசமாகும். தளத்திலிருந்து வெளிச்சுவருக்கு நேராக, குட்டையாக இருக்கட்டும்.

ஆனால் 2 நிமிடம் என்பதும் கடலில் நீண்ட நேரம். அலை பத்து நொடிக்குள் அடுத்து வந்துவிடும். இந்த இடத்தில் எனக்கு எங்கள் பக்கத்துக் காவேரிப்பாக்கம் ஏரி நினைவுக்கு வருகிறது. வயலுக்கு நீர் விட மதகு. வெள்ளம் வந்தால் வழியக் கலிங்கல். பெருமழைக்கு மதகைத் திறந்து ஏரியைக் காப்பாற்றலாம் என்று நீரைத் திறந்துவிடும் எந்த நீர்க்கட்டியும் நினைத்ததில்லை. மதகு ஒரு சிறு வாய், எப்போதும் வேலை செய்வது. கலிங்கல் கரையிலேயே அகலமாக விட்டுவைத்த தாழ்வு, ஆண்டில் சில நாளே வேலை செய்வது, ஆனால் அந்த நாளில் அது இல்லாவிட்டால் கரை இருக்காது. படகிலும் இரண்டும் வேண்டும். தளம் கழுவும் நீர், மழை, தெறிக்கும் நுரை, உருகிய ஐஸ் இவற்றுக்குப் பின்மூலைகளில் வட்டத் துவாரம். ஏறி விழும் அலைக்குப் பக்கச்சுவரின் அடியில் நீளத் திறப்பு.

அந்தத் திறப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பிரிட்டனின் சிறு பணிப்படகு விதிகள் பக்கச்சுவரின் பரப்பில் குறைந்தது 4 சதவீதம் கேட்கின்றன. அதையும் சுவரின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில் வைக்கச் சொல்கின்றன. நம் படகில் இரண்டு பக்கமும் 3 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் உயரச் சுவர் என்றால் மொத்தம் 2.4 சதுர மீட்டர். நாலு சதவீதம் 960 சதுர சென்டிமீட்டர். இதை 50 மில்லிமீட்டர் வட்டத் துவாரங்களால் நிரப்ப நினைத்தால் 49 துவாரம் போட வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக 60 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் உயரத் திறப்பு வைத்தால் அதே பரப்பு வந்துவிடுகிறது. படகு நேராக நிற்கும்போது தளத்தில் ஏறிய 10 சென்டிமீட்டர் நீரில் முக்கால்வாசி பத்துப் பதினைந்து நொடியில் இதன் வழியே வெளியே போய்விடும். 18 நிமிடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்டுவேர் கடையில் இந்தப் பொருள் கிடைக்காது. படகு கட்டுகிறவர் அச்சிலேயே விட வேண்டிய இடைவெளி இது. எந்த ஃபிட்டிங்கை வாங்குவது என்ற கேள்விக்கு மிக முக்கியமான பதில் வாங்க முடியாத ஒன்றில் இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதற்கு 1966-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுமைக்கோட்டு ஒப்பந்தம் பெரிய கப்பல்களுக்குச் சொன்னது சிறு படகுக்கும் பொருந்தும். தளத்தின் விளிம்பு நீளவாக்கில் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அதற்கு அருகிலேயே திறப்பின் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். நீர் போய்ச் சேரும் இடத்தில் வாசல் இருக்கட்டும் என்பதுதான். திறப்பின் வழியாக மீனும் வலையும் நழுவாமல் கம்பி வைக்கலாம். பலகை அடித்து மூடக் கூடாது. கடற்கரையில் நான் பார்த்த மிகப் பெரிய ஆபத்து, மோசமான வால்வு எதுவும் அல்ல. நல்ல துவாரத்தில் திணித்து வைத்த கந்தல் துணிதான். சென்னைக் காசிமேட்டில் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். “தொறந்து வெச்சா தண்ணி உள்ள வருதுண்ணே, நாள் பூரா கால் நனைஞ்சிகினே நிக்க முடியுமா?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாளெல்லாம் உப்புநீரில் நிற்கும் கால் வெடித்துப் புண்ணாகும். அவர் துணி அடைத்ததற்குக் காரணம் ஒருவழியாக மட்டும் திறக்கும் நாக்கு அங்கே இல்லாததுதான். அதைப் பொருத்திக் கொடுப்பது படகு கட்டியவரின் பொறுப்பு.

நாக்கில் மூன்று வகை கிடைக்கிறது. பந்து உள்ள வால்வில் ஒரு சிறு மிதவைப் பந்து கூட்டுக்குள் இருக்கும். வெளிநீர் உள்ளே வந்தால் பந்து எழும்பி வாயை அடைக்கும். உல்லாசப் படகுக்கு அழகான பொருள். மீன்பிடிப் படகுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஒரு மீன் செதில், ஒரு முழம் நைலான் நூல், ஒரு நெத்திலி போதும். பந்து அரைகுறையாக நின்றுவிடும். அது திறந்தே நின்றதா, மூடியே நின்றதா என்று மேலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. இரண்டாவது, வாத்தின் அலகு போல நுனி ஒட்டிய ரப்பர் குழாய். ஃபால்கனர் எழுதிய தோல் குழாயின் நேரடி வாரிசு. நன்றாக வேலை செய்யும், நூல் சிக்கினாலும் ஓரளவு மூடும். மூன்றாவது, துவாரத்தின் வெளிப்புறத்தில் மேல் விளிம்பில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்ட ஒரு ரப்பர் துண்டு. பாய்க்கப்பல் நாட்களில் இதையும் தோலில் வெட்டி ஆணியால் அடித்தார்கள். மீன்பிடிப் படகுக்கு என் தேர்வு இதுதான். கையை நீட்டித் தூக்கிப் பார்க்கலாம், சிக்கியதை எடுக்கலாம், கிழிந்தால் அரைமணி நேரத்தில் வேறு வெட்டிப் போடலாம். சுவர்த் திறப்புக்கும் இதையே பெரிதாக வெட்டலாம்.

தோல் ஏன் போனது? தோல் கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும் பொருள். நனைந்தால் உப்பி, மென்மையாகி, விளிம்போடு படிந்து அடைக்கும். தொடர்ந்து ஈரத்தில் இருக்கும் பம்புக்கு அது அருமையானது. படகின் வெளிச்சுவரிலோ ஒருநாள் நனைந்து மறுநாள் வெயிலில் காய்கிறது. பதனிடும்போது ஏற்றிய எண்ணெயை உப்புநீர் கழுவிவிட, காய்ந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும். விறைத்த நாக்கின் ஓரம் சுருண்டு மேலே எழும்பும். எழும்பிய நாக்கு எதையும் அடைக்காது. கொழுப்பைத் தடவித் தடவி வைத்தால்தான் தோல் கடலில் உழைக்கும்.

ரப்பரும் சிரஞ்சீவி அல்ல. இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஓசோனில் வெடிக்கும். பழைய சைக்கிள் டயரின் ஓரத்தில் தெரியும் மெல்லிய கீறல்கள் அதுதான்.  ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், ஆனால் டீசல் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் டீசலைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. மீன்பிடிப் படகின் தளத்தில் டீசலும் உண்டு, மத்தி எண்ணெயும் உண்டு, சித்திரை வெயிலும் உண்டு. இரண்டையும் ஓரளவு தாங்கும் நியோபிரீனைத்தான் நடுவழியாகச் சொல்ல முடியும். 3 மில்லிமீட்டர் தடிமன் ஷீட், துவாரத்தைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டியது, மேலே ஒரு பட்டை வைத்து இறுக்கியது. இவ்வளவுதான் வேலை.

ஃபிட்டிங் செய்யும் உலோகத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் பித்தளையும் வெண்கலமும் பக்கத்துப் பக்கத்தில் மஞ்சளாக மின்னும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல உறிஞ்சி எடுத்துவிடும். பொருளின் வடிவம் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். உள்ளே மிஞ்சியது நுண்துளை நிறைந்த செம்பு எலும்புக்கூடு. படகுப் பட்டறை ஒன்றில் கழற்றிப் போட்டிருந்த பித்தளை வடிகாலின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில் அப்படி ஒரு கழுத்து முறிந்தால் வடிகாலே ஓட்டையாகிவிடும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். கடலில் நெடுநாள் உழைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

எவர்சில்வரில் சாதாரண 304 தரம் நம் கடற்கரைக் காற்றிலேயே பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316 தரம் மேல். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றோட்டமான இடத்தில் அதன் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. வாஷருக்கு அடியில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் படலம் உடைந்து, வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே குழி விழும். சிறு வள்ளத்துக்குக் கண்ணாடியிழை கலந்த கறுப்பு நைலான் போதும் என்பது என் எண்ணம். அரிப்பு இல்லை, எடை இல்லை. கறுப்பு ஏன் என்றால் அந்த நிறத்தைத் தரும் கார்பன் தூள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டுக்குப் போடும் வெள்ளை பி.வி.சி. குழாயைத் தளத்தில் வெயில் படும்படி வைத்தால் சில கோடைகளிலேயே நொறுங்கத் தொடங்கும். வலையின் ஈயக்குண்டு ஒன்று பட்டால் உடையும்.

வாங்கியாயிற்று. இனி துளை போட வேண்டும். நிதானம் வேண்டிய இடம் இதுதான். நம் ஃபைபர் படகுகள் பலவற்றில் தளத்துக்கு அடியில் மிதப்புக்காகத் தெர்மோகோல் அடைத்திருக்கிறார்கள். துளையை வெட்டி, ஃபிட்டிங்கைச் சொருகி, சுற்றி சிலிக்கானைப் பூசி முடித்துவிட்டால், வெட்டுப்பட்ட விளிம்பு நிர்வாணமாக இருக்கிறது. படகு அதிரும்போது சிலிக்கான் ஒரு பக்கம் விட்டுப்போகும். அந்த மயிரிழை இடுக்கில் நீர் இறங்கித் தளத்துக்கு அடியில் தேங்கி, தெர்மோகோல் மணிகளுக்கு இடையே மெல்ல ஊறும். இரண்டு மூன்று பருவத்தில் படகு கனத்து, கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும். முதலில் அளந்த சாக்பீஸ் கோடு பொய்யாகிவிடும்.

முறை இப்படி: தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளையை வெட்டி, விளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கும் நுரையை ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை எபாக்சி பசையும் இழைத்தூளும் கலந்து கெட்டியாக நிரப்ப வேண்டும். படகு கட்டும் பாலியெஸ்டர் ரெசினை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்சி இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவுக்குத் துளையிட வேண்டும். இப்போது நீர் எந்த இடுக்கில் புகுந்தாலும் கெட்டிப் பொருளைத்தான் சந்திக்கும். ஃபிட்டிங்கின் விளிம்புக்கு அடியில் பாலியூரித்தேன் சீலன்ட். முதல்நாள் லேசாக முடுக்கி விட்டு, அது ரப்பர் போல ஆன மறுநாள் இறுக்குவது நல்லது. முதலிலேயே முழுக்க முடுக்கினால் சீலன்ட் பிதுங்கி வெளியேறி அடியில் எதுவும் மிஞ்சாது. ஃபிட்டிங்கின் வாய் தளத்தைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்க வேண்டும். மேலே தூக்கி நின்றால் அந்த உயரத்துக்கு எப்போதும் மீன் இரத்தமும் நீரும் தேங்கி நாறும். தளத்துக்கே மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை பாதியாகும். சல்லடை மூடி போட்டால் அதன் கண்களின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கட்டும், பாதி அடைபட்டாலும் நீர் போகும்படி.

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். துறையில் முழுச் சுமையோடு படகு மிதக்க, ஒரு சிறு பம்பை வைத்துத் தளத்தில் 5 சென்டிமீட்டர் நீர் ஏற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். இரண்டு பேர் ஒரே பக்கம் போய் நின்று அந்தப் பக்கத் துவாரம் அமிழும்போது நாக்கு மூடுகிறதா என்று இன்னொருவர் பக்கத்துப் படகிலிருந்து பார்க்க வேண்டும். இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டியும் பார்க்க வேண்டும். முன்னே போகும்போது பின்சுவரை விட்டு விலகும் நீர், பின்னே போகும்போது அதே சுவரில் மோதித் துவாரத்துக்குள் ஏறும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பெயின்ட் பூசப்படும் அந்த நாட்களில் நாக்குகளையும் கழற்றி, வளைத்துப் பார்த்து, வளைத்த இடத்தில் கீறல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். பெயின்ட் அடிக்கிறவரிடம் நாக்கின் மேலும் அதன் விளிம்பிலும் தூரிகை படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காய்ந்த பெயின்ட் நாக்கைச் சுவரோடு ஒட்டிவிடும்.